உயிரியலை நெட்டுருப் போடுவதா, புரிந்து படிப்பதா: ப்ளஸ் டூ மாணவியின் தாய் கேட்ட கேள்விக்கு ஒரு பதில்

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் உயிரியலை வரி பிசகாமல் ஒப்பிக்கிறாள், பள்ளித் திருப்புதல் தேர்வில் 70-க்கு 63 வாங்குகிறாள், ஆனால் நீட் மாதிரித் தேர்வில் உயிரியல் பகுதியில் மட்டும் 360-க்கு 148-இல் நின்றுவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மனப்பாடத்தை நிறுத்திவிட்டுப் புரிந்து படிக்கச் சொல்லலாமா, சொன்னால் இருக்கிற மதிப்பெண்ணும் போய்விடுமா என்பது உங்கள் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால், நினைவில் பத்திரமாக இருக்கும் ஒரு பாடம், கேள்வி சற்றுத் திரும்பிய மாத்திரத்தில் ஏன் கைக்கு வராமல் போகிறது என்பதையும், மிச்சமிருக்கும் மாதங்களில் எதை முதலில் சரிசெய்வது என்பதையுமே நீங்கள் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் முதுகலை ஆசிரியராக 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் பாடம் நடத்தியிருக்கிறேன். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல கோடைகளைக் கழித்திருக்கிறேன். நீட் பயிற்சி மையம் எதிலும் நான் பாடம் எடுத்ததில்லை. ஆகவே அந்தத் தேர்வைப் பற்றி நான் சொல்வதை, வினாத்தாளை ஆண்டுதோறும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் ஒரு பள்ளி ஆசிரியரின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எனக்கு ஐயமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மனப்பாடம் இல்லாமல் உயிரியல் படிக்க முடியாது. இயற்பியலில் ஒரு சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டு பத்துக் கணக்குகளுக்குப் போகலாம். உயிரியலில் அப்படிப்பட்ட சுருக்குவழிகள் குறைவு. மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்பதையும், இன்சுலினைச் சுரப்பது கணையத்தின் பீட்டா செல்கள் என்பதையும் யோசித்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதோடு, யோசிப்பதற்கே சொற்கள் கைவசம் இருக்க வேண்டும். 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உளவியல் படித்தவர்களிடையே பிரபலம். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த பலகையைச் சில நொடிகள் காட்டி மறைத்தபோது, தேர்ந்த ஆட்டக்காரர் காய்களின் இடங்களைப் புதியவரைவிட மிக நன்றாக நினைவுகூர்ந்தார். காய்களைக் கண்டபடி அடுக்கிக் காட்டியபோது அவருடைய மேன்மை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவருக்கு நினைவாற்றல் பொதுவாக அதிகம் என்றால் இரண்டு முறையும் வென்றிருக்க வேண்டும். பல ஆண்டு ஆட்டத்தில் அவர் மனத்தில் சேர்ந்திருந்த அமைப்புகள்தாம் அவருக்குக் கைகொடுத்தன. சிறுநீரகத்தின் நுண் வடிகட்டியான நெஃப்ரானின் பாகங்களுடைய பெயர்களையே ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கும் மாணவிக்கு அது எப்படி வேலை செய்கிறது என்று சிந்திக்க மனத்தில் இடம் மிஞ்சாது. உங்கள் மகளுக்கு அந்தப் பெயர்கள் சரளமாக வருகின்றன என்றால் பாதி வேலை முடிந்திருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லி அவள் மனத்தைக் கலைத்துவிடாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம், நெட்டுருவின் மேல் எனக்குப் பெரும் வெறுப்பு வந்தது. ஓர் ஆண்டு முழுவதும் வகுப்பில் ஒப்பித்தலை நிறுத்தினேன். குறிப்பு எழுதிப் போடுவதை நிறுத்தினேன். எல்லாவற்றையும் கலந்துரையாடலாக நடத்தினேன். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், நானும் மகிழ்ந்தேன். அரையாண்டுத் தேர்வில் தசை இயக்கம் பற்றி ஒரு கேள்வி கொடுத்தேன்: இறந்த சில மணி நேரத்தில் உடல் ஏன் விறைத்துப் போகிறது? வகுப்பிலேயே நன்றாகப் பேசும் மாணவன் ஒருவன், தசை வேலை செய்ய ஆற்றல் வேண்டும், இறந்தபின் ஆற்றல் இல்லை, ஆகவே தசை தளர்ந்துதான் போக வேண்டும், விறைப்பு என்பது குளிர்ச்சியால் வருவது என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். தர்க்கம் அழகாக இருந்தது; விடை தவறு. தசையிலுள்ள மயோசின் என்ற புரதத்தின் தலை ஆக்டின் என்ற இன்னொரு புரத இழையைப் பற்றி இழுத்தபின், செல்லுக்கு ஆற்றல் தரும் புதிய ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று வந்து அதன்மேல் அமர்ந்தால்தான் அது பிடியை விடும். ஏ.டி.பி. தீர்ந்தால் பற்றிய கை பற்றியபடியே நின்றுவிடும்; அதுதான் விறைப்பு. பிடிப்பதற்கு மட்டுமல்ல, விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும் என்ற அந்த ஒற்றை விவரம் அவனிடம் இல்லை. ஆகவே புரிதல் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது, கேட்பவருக்கும் தனக்கும் இனிமையாக இருந்த ஓர் ஊகமாகவே நின்றது. அந்த ஆண்டு என் வகுப்பின் பொதுத்தேர்வு முடிவும் சரிந்தது. தலைமையாசிரியர் அறையில் நான் நின்ற நிலையை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

அதனால், புரிதல் உயர்ந்தது, மனப்பாடம் தாழ்ந்தது என்று யாராவது பேசினால் எனக்கு இப்போது எச்சரிக்கை உணர்வுதான் வருகிறது. ஆனால் உங்கள் மகளின் சிக்கல் அந்த மாணவனுடையதற்கு நேர் எதிரானது. அதைக் கழிவுநீக்கப் பாடத்தை வைத்துச் சொல்கிறேன். நீட் தேர்வுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் உண்டு என்பதால் அவள் இதைப் படித்துத்தான் இருப்பாள்.

பாடத்தை நெட்டுருப் போட்ட மாணவியிடம் நெஃப்ரானில் கொண்டை ஊசிபோல் வளைந்த குழாயான ஹென்லே வளைவைப் பற்றிக் கேட்டால், கீழிறங்கு தூம்பு (குழாயின் இறங்கும் பகுதி) நீரை ஊடுருவ விடும், உப்புகளை அவ்வளவாக விடாது, மேலேறு தூம்பு நீரை ஊடுருவ விடாது, உப்புகளை வெளியேற்றும் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவாள். என் வகுப்பில் அப்படிச் சொன்ன பெண்ணிடம் நான் வழக்கமாக அடுத்துக் கேட்பது இது: தவளையின் சிறுநீரகத்தில் ஹென்லே வளைவு இல்லை, தவளையால் தன் இரத்தத்தைவிடச் செறிவான சிறுநீரை உருவாக்க முடியுமா? பெரும்பாலும் நீண்ட மௌனம்தான் பதிலாக வரும். சிலர் புத்தகத்தில் தவளை எந்தப் பக்கத்தில் வருகிறது என்று மனத்துக்குள் புரட்டுவது முகத்திலேயே தெரியும். அவர்கள் சொன்ன இரண்டு வாக்கியங்களிலேயே விடை இருக்கிறது. மேலேறு தூம்பு நீரை விடாமல் உப்பை மட்டும் வெளியே தள்ளுவதால் சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லா உப்புக் கரித்துப் போகிறது. ஆழத்துக்குப் போகப் போக அந்தச் செறிவு கூடி, மனிதனில் மேற்பகுதியில் 300 மில்லி ஆஸ்மோல் அளவில் தொடங்கி அடிப்பகுதியில் 1200 வரை எட்டுகிறது. சேகரிப்பு நாளம் அந்த உப்புப் பகுதியின் வழியாகத்தான் கீழே இறங்குகிறது. உடலில் நீரைத் தக்கவைக்கும் ஏ.டி.எச். ஹார்மோன் அதன் சுவரில் நீர் செல்லும் வழிகளைத் திறந்துவிட்டால், வெளியிலுள்ள செறிவு நீரை இழுத்துக்கொள்கிறது, சிறுநீர் செறிவாகிறது. வளைவு இல்லையென்றால் உப்புக் கரித்த மெடுல்லா இல்லை. அது இல்லையென்றால் நீரை இழுக்க எதுவும் இல்லை. ஆகவே தவளையால் முடியாது. ஏ.டி.எச். சுரக்காவிட்டால் நாளொன்றுக்குப் பல லிட்டர் நீர்த்த சிறுநீர் ஏன் போகிறது என்பதும், பாலைவனத்துக் கங்காரு எலியின் ஹென்லே வளைவு ஏன் நீளமாக இருக்கிறது என்பதும் இதே சங்கிலியில் தாமாக வந்து விழும்.

மௌனமாக நின்ற பெண்ணுக்கும் இந்தச் சங்கிலியைச் சொல்லக்கூடிய பெண்ணுக்கும் மனப்பாடம் செய்த வாக்கியங்களில் வேறுபாடு கிடையாது. முதல் பெண்ணின் நினைவில் 'கீழிறங்கு தூம்பு' என்ற சொல் அடுத்த வாக்கியத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் பெண்ணின் நினைவில் அது காரணத்தோடும் விளைவோடும் கட்டப்பட்டிருக்கிறது. பத்தியின் முதல் வரியைக் கொடுத்தால் முதல் பெண்ணுக்கு மொத்தமும் வந்துவிடும். நடுவிலிருந்து கேட்டால் வராது. பள்ளித் தேர்வின் ஐந்து மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் பத்தியின் முதல் வரியாகவே வருகிறது. நுழைவுத் தேர்வின் கேள்வி நடுவிலிருந்து வருகிறது. உங்கள் மகளின் 63-க்கும் 148-க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் பெரும்பகுதி இதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

பெரும்பகுதி இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். முழுவதும் என்று சொல்ல மாட்டேன். 148 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் நோயைச் சொல்லிவிட முடியாது. 90 கேள்விகள், சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு 1 கழிவு. ஒரு பெண் 47 கேள்விகளைச் சரியாகவும் 40 கேள்விகளைத் தவறாகவும் போட்டால் 188-இல் 40 போக 148. இன்னொரு பெண் 40 சரி, 12 தவறு, 38 கேள்விகளைத் தொடவே இல்லை என்றாலும் 160-இல் 12 போக அதே 148. முதலாமவள் தெரிந்தது போன்ற மயக்கத்தில் விடையைக் குறித்திருக்கிறாள். இரண்டாமவள் தயங்கியிருக்கிறாள், அல்லது நேரம் போதாமல் விட்டிருக்கிறாள். இருவருக்கும் மருந்து வேறு. நான் மேலே சொன்ன குறை முதலாமவளுக்கே அதிகம் பொருந்தும். ஆகவே அந்த விடைத்தாளை முதலில் எடுத்துப் பாருங்கள்.

புரிந்து படிப்பது என்றால் என்ன என்பதை எண்களை வைத்துக் காட்டுவது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் எண்களைத்தான் பிள்ளைகள் மிகக் கண்மூடித்தனமாக உருப்போடுகிறார்கள். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் எத்தனை ஏ.டி.பி. கிடைக்கும்? ஒரு புத்தகத்தில் 38 என்று இருக்கும், ஒன்றில் 36, இன்னொன்றில் 32, வேறொன்றில் 30. நான்கையும் பார்த்த மாணவர்கள், 'சார், எதை எழுதினால் மார்க் வரும்?' என்று கேட்பார்கள். கணக்கு ஒன்றுதான். என்.ஏ.டி.எச்., எஃப்.ஏ.டி.எச்.2 இரண்டும் எலக்ட்ரான்களைச் சுமந்து சென்று, பின்னால் ஏ.டி.பி. உண்டாக உதவும் மூலக்கூறுகள். குளுக்கோஸ் உடையும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸில் நிகரமாக 2 ஏ.டி.பி., 2 என்.ஏ.டி.எச்.; பைருவேட் அசிட்டைல் கோ-ஏ ஆகும் இணைப்பு வினையில் 2 என்.ஏ.டி.எச்.; கிரப்ஸ் சுழற்சியில் 6 என்.ஏ.டி.எச்., 2 எஃப்.ஏ.டி.எச்.2, 2 ஏ.டி.பி. கூட்டினால் நேரடி ஏ.டி.பி. 4, என்.ஏ.டி.எச். 10, எஃப்.ஏ.டி.எச்.2 இரண்டு. பழைய கணக்குப்படி என்.ஏ.டி.எச். ஒன்றுக்கு 3, எஃப்.ஏ.டி.எச்.2 ஒன்றுக்கு 2 என்று பெருக்கினால் 30, 4, அதோடு நேரடி 4, ஆக 38. பிற்கால அளவீடுகளின்படி 2.5, 1.5 என்று பெருக்கினால் 25, 3, 4, ஆக 32. கிளைக்காலிசிஸ் சைட்டோபிளாசத்தில் நடப்பதால் அங்கே உண்டான 2 என்.ஏ.டி.எச். நேரடியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய முடியாது. அவற்றின் எலக்ட்ரான்களை ஏதாவது ஒரு கடத்தல் வழி உள்ளே கொண்டு சேர்க்க வேண்டும். எஃப்.ஏ.டி.எச்.2-இன் மதிப்புக்கே அவை இறங்கிவிடும் வழியாகப் போனால் 38 என்பது 36 ஆகும், 32 என்பது 30 ஆகும். இவ்வளவையும் ஒரு தாளில் தானே போட்டுப் பார்த்த மாணவி அதன்பிறகு நான்கு எண்களையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. ஆனால் 2, 2, 2, 6, 2, 2 என்ற மூல எண்களை அவள் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும் என்பதையும் கவனியுங்கள். தேர்வில் எதை எழுதுவது என்றால், அந்தத் தேர்வுக்கு உரிய பாடநூலில் எந்த எண் இருக்கிறதோ அதைத்தான். இதை நான் வெட்கமில்லாமல் சொல்வேன்.

இதேபோல், சிறுநீரகம் இரத்தத்தை நிமிடத்துக்கு 125 மில்லி லிட்டர் வடிகட்டும் என்ற வீதத்தையும் நாளுக்கு 180 லிட்டர் என்பதையும் தனித்தனி உண்மைகளாக உருப்போடும் பிள்ளைகள் நிறைய. ஒரு நாளுக்கு 1440 நிமிடம். பெருக்கினால் 180 லிட்டர் தானே வருகிறது. அதில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான் சிறுநீராக வெளியேறுகிறது என்றால், 99 சதவீதம் மீண்டும் உறிஞ்சப்படுகிறது என்ற மூன்றாவது வரியும் இலவசம். டி.என்.ஏ.வில் அடினைன் 30 சதவீதம் என்றால் (அதன் இணையான தைமினும் அதே அளவு) குவானைன் 20 சதவீதம் என்பதும், தண்டுச் செல்லில் 24 குரோமோசோம்கள் உள்ள பூக்கும் தாவரத்தின் கருவூணில் (விதைக்குள் கருவுக்கு உணவாகும், மூன்று தொகுதி குரோமோசோம்கள் கொண்ட திசுவில்) 36 இருக்கும் என்பதும் இந்த வகைதான்.

கருவூண் என்றதும் தேங்காய் நினைவுக்கு வருகிறது. இளநீர் என்பது செல்சுவர் உண்டாகாமல் உட்கருக்கள் மட்டும் மிதக்கும் கருவூண், வழுக்கையும் பருப்பும் செல்சுவர் உண்டான கருவூண் என்று ஒரு தேங்காயை உடைத்துக் காட்டிவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பாடத்தை யாரும் மறப்பதில்லை. பூவின் உறுப்புகளைக் குறியீடுகளால் எழுதும் மலர் சூத்திரமும் அப்படித்தான். ஃபேபேசி எனும் அவரைக் குடும்பத்தின் மகரந்தத் தாள்கள் பத்து, அவற்றில் ஒன்பது ஒன்றாக இணைந்தும் ஒன்று தனித்தும் இருக்கும் என்பதை அடைப்புக்குறிக்குள் 9 கூட்டல் 1 என்று உருப்போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் கையில் ஓர் அகத்திப் பூவைக் கொடுங்கள். பெரிய பூ, கருவி எதுவும் வேண்டாம், விரல் நகம் போதும். வெளியே அகன்ற கொடி இதழ் ஒன்று, அதற்குள் சிறகிதழ்கள் இரண்டு, அவற்றுக்குள் படகுபோல் ஒட்டிக்கொண்ட இதழ்கள் இரண்டு. படகைப் பிரித்தால் மகரந்தத் தாள்கள் கற்றையாக நிற்கும். நகத்தால் மெல்ல நெருடினால் ஒன்று மட்டும் தனியே வந்துவிடும். அந்த ஒன்று தனியே வந்த நொடியை விரல் நினைவில் வைத்துக்கொள்கிறது. கொடி சிறகை மூடியிருக்கிறது, சிறகு படகை மூடியிருக்கிறது என்ற இதழமைவுப் பத்தியையும் இனி அவள் ஒப்பிக்க வேண்டியதில்லை. பூவைக் கழற்றிய வரிசையைச் சொன்னாலே போதும். அகத்திக்கீரை விற்கும் அம்மாவிடம் சொல்லிவைத்தால் பூவும் கொண்டுவந்து தருவார்.

எதை அப்படியே மனப்பாடம் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மிக எளிது. 'ஏன் அப்படி?' என்று கேட்டால் பள்ளி நிலையில் விடை இல்லாதவற்றைப் பேசாமல் மனப்பாடம் செய்துவிட வேண்டும். நோயும் நோய்க்கிருமியும், சுரப்பியும் ஹார்மோனும், தொகுதிகளும் அவற்றுக்கான எடுத்துக்காட்டு விலங்குகளும், விஞ்ஞானிகளின் பெயரும் ஆண்டும், மரபுக் குறியீட்டில் புரதத் தயாரிப்பை நிறுத்தச் சொல்லும் நிறுத்தக் குறியன்கள் மூன்றும் இந்தக் கணக்கில் சேரும். பாட்டாகப் பாடினாலும் சரி, முதலெழுத்துகளைக் கோத்துச் சிரிப்பான வாக்கியம் அமைத்தாலும் சரி. ஆனால் 64 குறியன்களின் அட்டவணை முழுவதையும் உருப்போட்டுக்கொண்டு வந்து நின்ற ஒரு பையனை நான் கண்டிருக்கிறேன். மரபுக் குறியீட்டின் நான்கு எழுத்துகளை மூன்று மூன்றாக அடுக்கினால் 64, நிறுத்தக் குறியன் மூன்று போக 61 என்று தெரிந்தால் பள்ளிக்கு ஏறத்தாழ போதும். 'ஏன்' என்று கேட்டால் விடை இருப்பவற்றை, அந்த விடையோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். இரத்தச் சுழற்சி, நரம்புத் தூண்டல் கடத்தப்படுவது, மரபியல் கணக்குகள், மாதவிடாய்ச் சுழற்சியில் ஹார்மோன்கள் ஏறி இறங்கும் வரைபடம், ஒளிச்சேர்க்கை ஆகியவை இந்த இரண்டாம் வகை. நடுவில் நிற்கும் பாடங்களும் உண்டு. வகைப்பாட்டியல் எனக்கு எப்போதும் அப்படிப்பட்டது. பரிணாமத்தோடு இணைத்து நடத்தினால் அதற்கும் காரணம் கிடைக்கும். ஆனால் பள்ளியில் அதற்கு நேரம் இருப்பதில்லை, நானும் பல ஆண்டுகள் பட்டியலாகவே நடத்திவிட்டுப் போனேன்.

இனி, படிக்கும் முறை பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதற்கு வருகிறேன். 1885-இல் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவாக மறக்கிறது என்று அளந்தார். ஒரு நாள் கழித்து அதே அசைகளை மறுபடி கற்றபோது, முதலில் செலவான உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. பொருள் தெரியாமல் நெட்டுருப் போடும் பாடமும் ஏறக்குறைய அந்த அசைகளைப் போன்றதுதான். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு சிறு அறிவியல் பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே மறுபடி படித்தார்கள். மறு பிரிவினர் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் 81 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து அது தலைகீழானது: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. தேர்வுக்கு முந்தைய இரவு திரும்பத் திரும்பப் படித்தால் எல்லாம் வந்துவிட்டதுபோல் தோன்றுவது ஏன், அடுத்த வாரம் ஒன்றும் இல்லாமல் போவது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. 2011-இல் கார்ப்பிக்கும் இன்னொருவரும், கருத்து வரைபடம் போட்டுப் படிப்பதையும் புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்வதையும் ஒப்பிட்டார்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு, யோசித்து விடை சொல்ல வேண்டிய கேள்விகளிலும்கூட நினைவுகூர்ந்தவர்களே மேலாக இருந்தார்கள். வரைபடம்தான் ஆழமான புரிதலைத் தரும் என்று வாதிட்டுவந்த என் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் சங்கடமான முடிவு.

இவற்றை அப்படியே நம் பிள்ளைகளுக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். படித்தவை சிறு பகுதிகள். காத்திருந்தது ஒரு வாரம். இரண்டு ஆண்டுப் பாடத்தை, நான்கு பாடங்களுக்கு நடுவே, சில சமயம் ஒரு மொழியில் படித்து இன்னொரு மொழியில் கேள்வியைச் சந்திக்கும் பதினேழு வயதுப் பெண்ணின் நிலை வேறு. இருந்தாலும், புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்ப்பது பலன் தருகிறது என்பது என் வகுப்பறை அனுபவத்தோடும் ஒத்துப்போவதால் அதை நம்பிக்கையோடு சொல்கிறேன். மஞ்சள் மையால் பக்கம் முழுவதும் கோடு போடுவதால் பயன் உண்டு என்பதற்கு எந்தச் சான்றையும் நான் கண்டதில்லை, புத்தகம் அழகாகிறது.

புரிதல் மட்டும் இருந்தால் நீட்டில் வென்றுவிடலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். உயிரியல் பகுதியில் கணிசமான கேள்விகள் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின் வரிகளைத் தொட்டே வருகின்றன. ஒரு சொல்லை மாற்றிக் கூற்று சரியா தவறா என்று கேட்கிறார்கள். அங்கே வரி நினைவு வேண்டும். உங்கள் மகள் மாநிலப் பாடநூலை மட்டும் கரைத்துக் குடித்திருந்தால், அவள் அறியாத எடுத்துக்காட்டுகளும் சொல்லாட்சிகளும் அங்கே இருக்கக்கூடும். அதற்குப் புரிதலைக் குறைசொல்லிப் பயனில்லை. அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை முழுதாகப் படிப்பதுதான் வழி.

உங்கள் வீட்டில் இந்த வாரம் என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்கிறேன். பள்ளித் தேர்வுக்காக அவள் செய்துவரும் மனப்பாடத்தை நிறுத்த வேண்டாம். மாதிரித் தேர்வில் தவறிய கேள்விகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: அந்த விவரமே தெரியாதவை, தெரிந்தும் பொருத்தத் தெரியாதவை, அவசரத்தில் தவறாகப் படித்தவை. இரண்டாம் குவியல்தான் பெரியது என்றால் நான் மேலே சொன்னவை அவளுக்கானவை. முதல் குவியல் பெரியது என்றால் என் ஊகம் தவறு. அவளுக்கு இன்னும் கூடுதல் மனப்பாடம்தான் தேவை. மூன்றாவது பெரியது என்றால் நேரம் வைத்துப் பயிற்சி எடுக்க வேண்டும். பாடத்தில் குறை இல்லை.

இரண்டாம் குவியலுக்கு உதவ நீங்கள் உயிரியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. புத்தகத்தை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லும் வாக்கியத்துக்குப் பிறகு 'அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்று மட்டும் கேளுங்கள். புத்தகத்தின் அடுத்த வரியை அவள் ஒப்பித்தால், அதையே ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, புத்தகம் பார்க்காமல் நெஃப்ரான் படத்தை வரைந்து, எந்த இடத்தில் நீர் வெளியேறுகிறது, எந்த இடத்தில் உப்பு வெளியேறுகிறது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். பாகங்களின் பெயர்களை அவள் வேகமாக எழுதிவிடுவாள். மேலேறு தூம்பின் பக்கத்தில் அம்புக்குறி போடும்போது கை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் அவளே புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிவைத்துவிட்டு, படத்தை மறுபடி முதலிலிருந்து வரையட்டும்.